பழைய மோட்டார் சைக்கிளில் கிளச் லீவர் இறுகினால்: இறுக்கம் எங்கே என்று பிரித்துப் பார்த்துச் செய்த வேலை

கிளச் இறுகிவிட்டது என்று வண்டியை உருட்டிக்கொண்டு போனால், "கேபிளை மாத்துங்க" என்பதுதான் முதலில் வரும் பதில். பல வண்டிகளில் அது சரியாகவும் இருக்கும். ஆனால் கேபிளை மாற்றி ஒரு மாதம் போகுமுன் லீவர் மறுபடி இறுகுகிற வண்டிகளும் நிறைய. காரணம் எளிது. விரலுக்கும் கிளச் ஸ்பிரிங்குக்கும் இடையில் உரசக்கூடிய இடங்கள் நான்கு: லீவரின் போல்ட், கேபிள் முனையில் உள்ள உலோகக் குமிழ் (நிப்பிள்) லீவருக்குள் உட்காரும் குழி, கேபிள், எஞ்சின் மூடியில் கேபிள் இழுக்கும் சிறு கையான கிளச் ஆர்ம். நான்கில் எது பிடிக்கிறது என்று பார்க்காமல் ஒன்றை மட்டும் மாற்றினால் மிச்சம் மூன்றும் அப்படியே இருக்கும்.

இந்த வேலைக்கு வந்தது இருபது வருடம் தாண்டிய ஹொண்டா சிஜி 125. வெல்லாவெளிப் பக்கம் வட்டைக்கும் (வயல்வெளி), குருமண்வெளிப் பாதையில் (வாவியைக் கடக்கும் மிதவைப் படகு) ஏறிக் களுவாஞ்சிகுடிக்கும் ஓடுகிற வண்டி. மாரியில் சேறு, வெட்டுக் காலத்தில் சுணையும் புழுதியும், இடையில் வாவியின் உப்புத் தண்ணீர். மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் ஓடும் வண்டி எதுவானாலும் இதே கதைதான். ஹீரோ ஹொண்டா ஸ்பிளெண்டர், பஜாஜ் சிடி 100 போன்ற கேபிள் கிளச் வண்டிகளுக்கும் கீழே உள்ள முறை பொருந்தும். ஆர்ம் இருக்கும் இடமும் மூடியைக் கழற்றும் விதமும் மட்டும் மாறும்.

முதலில் தராசு

மீன் நிறுக்கும் ஸ்பிரிங் தராசு ஒன்று போதும், 10 கிலோ வரை காட்டுவது. முள் உள்ளதாக இருக்கட்டும். எண் காட்டும் டிஜிட்டல் தராசுகள் பல ஓரிடத்தில் எண்ணைப் பிடித்து நிறுத்திவிடும், இந்த வேலைக்கு உதவாது. லீவரின் நுனியில் இருந்து 2 செ.மீ. உள்ளே ஒரு நூல் வளையம் கட்டி, அதில் தராசுக் கொளுக்கியை மாட்டி, பிடியை நோக்கி மெதுவாக இழுங்கள். லீவர் பாதித் தூரம் வரும்போது, அசைவு நிற்காமல் இருக்கையிலேயே, முள் எங்கே நிற்கிறது என்று குறியுங்கள். பிறகு முழுதாக இழுத்து, மெல்ல மெல்ல விட்டு, அதே பாதித் தூரத்தில் முள் எங்கே என்று மறுபடி குறியுங்கள்.

இரண்டு எண்ணையும் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும். ஸ்பிரிங்கின் விசை போகும்போதும் வரும்போதும் ஒன்றுதான். உரசல் அப்படியல்ல, இழுக்கும்போது உங்கள் கைக்கு எதிராக நிற்கும், விடும்போது ஸ்பிரிங்குக்கு எதிராக நிற்கும். ஆகவே இரண்டு எண்ணுக்கும் நடுவில் இடைவெளி பெரிதென்றால் நோய் உரசலில் இருக்கிறது. இடைவெளி சிறிது, ஆனால் இரண்டுமே பெரிய எண் என்றால் ஸ்பிரிங், அல்லது லீவரின், ஆர்மின் நெம்பு அளவு பிழை.

இந்த வண்டியில் இழுக்கும்போது 7.5 கிலோ, விடும்போது 2 கிலோ. கேபிள் உரசலுக்கு ஒரு கணக்கும் இருக்கிறது: இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால், உரசலே இல்லாவிட்டால் என்ன வரும் என்பது கிட்டத்தட்டத் தெரியும். 15இன் வர்க்கமூலம் 3.9. ஸ்பிரிங் கேட்பது நான்கு கிலோகூட இல்லை, மற்றதெல்லாம் வழியில் போகிறது. இதைப் பார்த்தபின், ஸ்பிரிங்கைத் தேடி எஞ்சின் மூடியைத் திறக்கத் தேவையில்லை என்பது முதலிலேயே தெளிவு.

தராசு கிடைக்காவிட்டால் கையாலும் அறியலாம். லீவரை முழுதாக இழுத்து, விரலால் தாங்கிக்கொண்டே மெல்ல விடுங்கள். சோம்பலாக, விட்டு விட்டுத் திரும்பினால் உரசல். விரலைத் தள்ளிக்கொண்டு பாய்ந்து வந்தால் ஸ்பிரிங் பக்கம் பாருங்கள்.

மூன்றாகப் பிரிப்பது

எஞ்சின் பக்கத்தில், கேபிளின் தளர்வைக் கூட்டிக் குறைக்கும் அட்ஜஸ்டரையும் அதைப் பூட்டி வைக்கும் லொக் நட்டையும் தளர்த்திக் கேபிளுக்குத் தளர்வு கொடுங்கள். சிஜி 125இல் அது வலது மூடிக்கு அருகில். லீவர் பக்கத்தில் அட்ஜஸ்டரை முழுதாக உள்ளே திருகி, அட்ஜஸ்டரில் உள்ள பிளவு, அதன் வளையத்தில் உள்ள பிளவு, லீவர் தாங்கியின் பிளவு மூன்றையும் ஒரே கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். உள்வயர் அந்த வழியால் பக்கவாட்டில் கழன்று வரும். குறடால் இழுத்து வயரை மடிக்க வேண்டாம். அந்த மடிப்புத்தான் பின்னால் இழை அறுகிற இடம்.

இப்போது மூன்றையும் தனித்தனியே அசைத்துப் பாருங்கள். லீவர், ஒரு விரலால் தட்டினால் தடையில்லாமல் ஆட வேண்டும். கேபிளின் உள்வயர், இரண்டு முனையையும் பிடித்து இழுத்தால் கரகரப்பில்லாமல் ஓட வேண்டும். இதைக் கேபிள் வண்டியில் கிடக்கும் அதே வளைவோடு பாருங்கள். கழற்றி நிமிர்த்திப் பார்த்தால் மோசமான கேபிளும் நல்லதுபோல ஓடும். ஆர்ம், கையால் தள்ளினால் கொஞ்சத் தூரம் இலகுவாகப் போய், உள்ளே கிளச்சில் முட்டி நிற்க வேண்டும். விட்டால் தன் சிறு ஸ்பிரிங்கால் தானாகத் திரும்ப வேண்டும்.

இந்த வண்டியில் ஆர்ம் நன்றாக இருந்தது. லீவரும் கேபிளும் இரண்டுமே பிடித்தன.

லீவர்

லீவரின் போல்ட்டுக்கு அடியில் 10ஆம் நம்பர் சாவி போகும் நட். நட்டைக் கழற்றி, மேலிருந்து போல்ட்டை ஸ்குரூ ட்ரைவரால் திருகி எடுத்தால் லீவர் கையோடு வரும். வராமல் அடம்பிடித்தால் சுத்தியலால் அடிக்க வேண்டாம். அலுமினியத் தாங்கி வெடித்துவிடும். துரு கழற்றும் ஸ்பிரேயை அடித்து ஒரு இரவு விட்டு, காலையில் முன்னும் பின்னும் அசைத்துத் திருகுங்கள்.

உள்ளே கிடந்தது கறுத்துக் காய்ந்த கிரீஸ், அதற்குள் மணல். தடித்த கிரீஸை அள்ளி அப்புவதால் வரும் விளைவு இது. நெல்லுப் புழுதியும் கடற்கரை மணலும் அதில் ஒட்டி, போல்ட்டை நாளும் அரைக்கிற பசையாகிவிடும். மண்ணெண்ணெயில் கழுவி, துணியால் துடைத்து, போல்ட்டின் வழுவழுப்பான தண்டில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். பள்ளம் தட்டினால் போல்ட்டை மாற்ற வேண்டும். லீவரின் துளை முட்டை வடிவத்தில் தேய்ந்திருந்தால் லீவரையே மாற்றுங்கள். தேய்ந்த துளையில் லீவர் சரிந்து தாங்கியின் உதட்டில் உரசும், எவ்வளவு எண்ணெய் விட்டாலும் தீராது.

கடை லீவர் வாங்கும்போது பழையதையும் கொண்டுபோய், போல்ட் துளையின் நடுவில் இருந்து நிப்பிள் குழியின் நடுவரை உள்ள தூரத்தை ஒப்பிடுங்கள். வெளித்தோற்றம் ஒன்றாகவே இருக்கும், இந்தத் தூரம் மட்டும் மாறும். 28 மி.மீ. இருந்த இடத்தில் 30 மி.மீ. என்றால் கைக்கு 7 சதவீதம் பாரம் கூடும். குறைந்தால் கைக்கு இலகு, ஆனால் கேபிள் இழுபடும் நீளம் குறைந்து கிளச் முழுதாகப் பிரியாது. நியூட்ரல் விழாமல் சண்டை பிடிக்கும்.

நிப்பிள் உட்காரும் குழியைப் பலர் பார்ப்பதில்லை. லீவர் திரும்பும்போது நிப்பிள் அந்தக் குழிக்குள் சுழல வேண்டும். பச்சை பிடித்தோ மண் அடைத்தோ சுழலாமல் நின்றால், ஒவ்வொரு இழுப்புக்கும் வயர் நிப்பிளின் கழுத்தில் மடியும். கேபிள்கள் அறுவது பெரும்பாலும் அந்தக் கழுத்தில்தான். குழியை 400ஆம் நம்பர் அரத்தாளைச் சுருட்டித் தேய்த்து, ஒரு பருக்கை அளவு கிரீஸ் வைத்தால் போதும்.

திரும்பப் பூட்டுவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. போல்ட் லீவரை நெரிப்பதற்கு அல்ல, லீவர் அதில் சுழல்வதற்கு. ஆகவே போல்ட்டை மெல்ல, முட்டும் வரை மட்டும் திருகி, லீவர் தளர்வாக ஆடுகிறதா என்று பாருங்கள். பிறகு ஸ்குரூ ட்ரைவரால் போல்ட்டை அசையாமல் பிடித்துக்கொண்டு அடி நட்டை இறுக்குங்கள். இந்த வண்டியில் போல்ட்டையே முழுப் பலத்தோடு இறுக்கி வைத்திருந்தார்கள். தாங்கியின் இரண்டு உதடும் உள்ளே வளைந்து லீவரைக் கவ்விக்கொண்டிருந்தன. நட்டைத் தளர்த்தி, போல்ட்டைக் கால் சுற்று பின்வாங்கியதும் லீவர் தானாக விழுந்தது.

கேபிள்

கேபிளின் உரசல் நீளத்தில் அல்ல, வளைவில் இருக்கிறது. தோணிக் கயிற்றைக் கட்டையில் ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு கையாலேயே தோணியைப் பிடித்து நிறுத்தலாம் அல்லவா, அதே பௌதிகம்தான் இங்கும். வளைவுகளின் கோணத்தையெல்லாம் கூட்டிப் பாருங்கள். மொத்தம் 180 பாகை வளைந்த கேபிளில், உராய்வுக் குணகம் 0.1 என்றால் (எண்ணெய் உள்ள நல்ல கேபிள்), ஆர்மில் 10 கிலோ வேண்டிய இடத்தில் லீவர் பக்கம் 13.7 கிலோ இழுக்க வேண்டும். துருப் பிடித்துக் குணகம் 0.25 ஆனால் அதுவே 22 கிலோ. அந்தத் துருக் கேபிளை ஹெட்லைட்டைச் சுற்றி இன்னொரு வளைவு கொடுத்து 270 பாகை ஆக்கினால் 32 கிலோவும் தாண்டும். வளைவும் துருவும் ஒன்றையொன்று பெருக்குகின்றன, வெறுமனே கூடுவதில்லை.

அதனால் எண்ணெய் விடுமுன் பாதையைப் பாருங்கள். ஹாண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி, கேபிள் எங்கே நெரிபடுகிறது, எங்கே இழுபடுகிறது என்று பாருங்கள். இந்த வண்டியில் கேபிளை வயர்க் கூட்டத்தோடு சேர்த்து பிளாஸ்டிக் பட்டியால் ஹாண்டில் கழுத்தில் இறுகக் கட்டியிருந்தார்கள். அந்த இடத்தில் அவுட்டர் (கேபிளின் வெளியுறை) நசுங்கியிருந்தது. கேபிளைக் கட்டக் கூடாது. வளையத்துக்குள் விட்டு வழிகாட்டலாம், அது முன்பின் நகர இடம் வேண்டும்.

அடுத்தது உள்வயர். ஒரு பஞ்சுத் துண்டை வயரின் மேல் ஓட்டுங்கள், இழை அறுந்திருந்தால் பஞ்சு மாட்டும். நிப்பிள் கழுத்தை வெளிச்சத்தில் பாருங்கள். ஒரே ஒரு இழை அறுந்திருந்தாலும் அந்தக் கேபிளுக்கு எண்ணெய் விட்டு நேரம் போக்க வேண்டாம், மாற்றுங்கள். மிச்ச இழைகள் அதன் பாரத்தையும் சுமப்பதால் வேகமாக அறும், அறுந்த முனை அவுட்டரின் உள்ளே கீறிக்கொண்டே இருக்கும்.

இழைகள் நல்லாக இருந்தால் மட்டும் எண்ணெய். கேபிளை முழுதாகக் கழற்றி, ஒரு முனை மேலாக ஆணியில் தொங்க விடுங்கள். பொலித்தீன் பையின் மூலையைச் சிறிதாக வெட்டி, அதை அவுட்டரின் மேல்முனையில் செருகி, டேப்பால் இறுகச் சுற்றினால் புனல் தயார். பாமசியில் விற்கும் 5 மில்லி சிரிஞ்சும் சிறு ரப்பர்க் குழாயும் இருந்தால் இன்னும் சுத்தம். முதலில் 5 மில்லி மண்ணெண்ணெய் விட்டு, உள்வயரை மேலும் கீழும் அசைத்துக்கொண்டே இருங்கள். கீழே செம்மண் நிறத்தில் வடியும். தெளிவாக வடியும் வரை திருப்பிச் செய்யுங்கள். அரை நாள் வடிய விட்டு, பிறகு 5 மில்லி தையல் மெசின் எண்ணெய். உள்ளே கொள்ளும் அளவு அவ்வளவுதான். கீழ்முனையில் துளி தெரியும் வரை இரவு முழுக்கத் தொங்கட்டும், அடியில் ஒரு டப்பா வையுங்கள்.

தேங்காய் எண்ணெய் வேண்டாம். முதல் வாரம் வழுக்கும், ஆனால் அது கேபிளுக்கு ஏற்ற எண்ணெய் அல்ல. கழிவு ஒயிலும் வேண்டாம், அதில் கரியும் உலோகத் தூளும் இருக்கும். துரு கழற்றும் ஸ்பிரே கழுவுவதற்கு நல்லது, ஆனால் மெல்லிய படலமாகவே தங்கும். அதோடு விட்டுவிட்டால் சில வாரங்களில் பழையபடி. புதிய கேபிள்கள் பலவற்றில் அவுட்டருக்குள் மெல்லிய பிளாஸ்டிக் குழாய் இருக்கும். முனையைப் பார்த்தால் தெரியும். அவற்றுக்குள் கிரீஸ் அடைக்க வேண்டாம், மெல்லிய எண்ணெயே போதும்.

இந்த வண்டியின் கேபிள் காப்பாற்ற முடியாத நிலை. லீவர் பக்கத்து ரப்பர் மூடி கிழிந்து, மழையும் வாவித் தண்ணீரும் அதனூடாக இறங்கி, கேபிளின் மிகத் தாழ்ந்த வளைவில் தேங்கியிருந்தன. உப்புத் தண்ணீர் வற்றினாலும் உப்பு வற்றாது. அது காற்றில் ஈரத்தை இழுத்துத் துருவைத் தொடர்ந்து வளர்க்கும். அந்த வளைவில் உள்வயர் பழுப்பாகி, தொட்டால் பொடி உதிர்ந்தது. புதுக் கேபிள் போட்டு, போடுமுன்னரே அதற்கும் எண்ணெய் விட்டாயிற்று. புதுக் கேபிளுக்கு எண்ணெய் ஏன் என்று கேட்பார்கள். கடையில் எத்தனை மாதம் காய்ந்து கிடந்தது என்று யாருக்கும் தெரியாது, 5 மில்லிதானே.

புதியதைப் பழைய பாதையிலேயே கொண்டுபோக, பழைய கேபிளை உருவுமுன் அதன் முனையில் உறுதியான நூலைக் கட்டிவிடுங்கள். பழையது வெளியே வரும்போது நூல் பாதையில் தங்கும், அதே நூலால் புதியதை இழுத்துக்கொள்ளலாம். பெற்றோல் டாங்கியைக் கழற்றும் வேலை மிச்சம். கிழிந்த ரப்பர் மூடியையும் மறக்காமல் வாங்குங்கள். அதை விட்டால் புதுக் கேபிளுக்கும் அடுத்த மாரியோடு அதே கதி.

ஆர்மும் உள்ளேயும்

ஆர்ம் பிடித்தால், காரணம் பெரும்பாலும் தண்டு மூடிக்குள் நுழையும் இடத்தில் சீலுக்கு (ஒயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) மேலே வரும் துரு. துரு கழற்றும் ஸ்பிரே விட்டு, ஆர்மை முன்பின் அசைத்து, துடைத்து, மறுபடி விட்டால் இளகும். ஆனால் அந்தத் துரு சீலின் உதட்டை ஏற்கெனவே கீறியிருக்கும், சில நாளில் ஒயில் கசியத் தொடங்கும். முறையான வேலை மூடியைக் கழற்றி, தண்டை உருவி, 800ஆம் நம்பர் வோட்டர் பேப்பரால் மெருகூட்டி, புதுச் சீல் போடுவதுதான்.

ஆர்ம் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதும் முக்கியம். இழுப்பின் நடுவில் கேபிளும் ஆர்மும் செங்கோணத்துக்கு அருகில் இருக்க வேண்டும். கோணம் 60 பாகையானால் இழுவை 15 சதவீதம் கூடும், 45 ஆனால் 41 சதவீதம். பல்லுத் தண்டில் பூட்டும் ஆர்ம் உள்ள வண்டிகளில், ஆர்மைக் கழற்றி ஒரு பல் தள்ளிப் பூட்டியிருந்தால் இப்படி ஆகும். தண்டிலும் ஆர்மிலும் உள்ள புள்ளிக் குறிகளை நேர்ப்படுத்துங்கள்.

தராசில் இரண்டு எண்ணும் பெரிதாக வந்த வண்டியென்றால் உள்ளே போகத்தான் வேண்டும். அங்கே அதிகம் காண்பது ஒரு சங்கிலித் தொடர். கிளச் பிளேட் ஒயிலில் நனைந்து ஓடுவது என்பதை மறந்து, கார் எஞ்சினுக்கான எரிபொருள் சிக்கன ஒயிலை யாரோ ஊற்றியிருப்பார்கள். அதிலுள்ள உராய்வு குறைக்கும் சேர்மானத்தால் கிளச் வழுக்கும். வழுக்கலை நிறுத்த, ஸ்பிரிங்குக்கு அடியில் வொஷர் வைப்பார்கள், அல்லது தடித்த ஸ்பிரிங் போடுவார்கள். வழுக்கல் நிற்கும், லீவர் கல்லாகும். மிகை அழுத்தத்தில் நடுவில் உள்ள ரிலீஸ் பெயரிங்கும் சீக்கிரம் போய்விடும். இதற்கு வைத்தியம் வொஷர்களை எடுத்து, ஸ்பிரிங்கை ஒரு செட்டாக அசல் வகைக்கு மாற்றி, போத்தலில் ஜாசோ எம்ஏ (JASO MA) என்று போட்ட மோட்டார் சைக்கிள் ஒயிலுக்குத் திரும்புவது. சிஜி 125க்கு 1 லீற்றர் போத்தல் ஒன்று போதும். மூடியின் கெஸ்கெட் புதிது வாங்கி வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

ஸ்பிரிங் போல்ட்களை ஒன்றை முழுதாக இறுக்கி அடுத்ததற்குப் போக வேண்டாம். எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக, சமமாக இறுக்குங்கள். 6 மி.மீ. போல்ட்கள், அவை திருகி ஏறும் தூண்கள் அலுமினியம். நீளப் பிடிச் சாவியால் இறுக்கினால் தூணோடு முறியும்.

பூட்டி அளவு வைப்பது

லீவர் பக்கத்து அட்ஜஸ்டரை ஏறக்குறைய முழுதாக உள்ளே திருகி வைத்துவிட்டு, எஞ்சின் பக்கத்து அட்ஜஸ்டரால் பெரிய அளவை எடுங்கள். லீவர் நுனி 10 முதல் 20 மி.மீ. வரை பாரமில்லாமல் அசைய வேண்டும், ஹொண்டாவின் அளவு அதுதான். பிறகு லொக் நட்டை இறுக்குங்கள். கையை இலகுவாக்க இந்தத் தளர்வைக் கூட்டுகிறவர்கள் உண்டு. லீவர் பாதி தூரம் சும்மா வருவதால் இலகு போலத் தோன்றும், ஆனால் கிளச் பிரியாமல் கியர் பற்கள் அடிபடும். தளர்வே இல்லாமல் வைத்தால் பிளேட் எப்போதும் பாதி பிரிந்து எரியும்.

எஞ்சினை ஓடவிட்டு, நியூட்ரலில் ஹாண்டிலை இரண்டு பக்கமும் திருப்புங்கள். தளர்வு மாறக் கூடாது. மாறினால் கேபிள் பாதை இன்னும் சரியில்லை. பிறகு லீவரை முழுதாகப் பிடித்து முதல் கியர் போட்டால் வண்டி ஊரக் கூடாது. லீவர் தாங்கியின் சாய்வையும் ஒரு தடவை பாருங்கள்: சீற்றில் அமர்ந்து கை நீட்டினால் முன்கையும் விரல்களும் லீவரோடு ஒரே கோட்டில் வர வேண்டும். மணிக்கட்டு மேல்நோக்கி மடிந்தால் நல்ல கிளச்சும் பாரமாகத் தெரியும்.

தராசை மறுபடி மாட்டியபோது இழுக்க 4.8, விட 3.2. பெருக்கி மூலம் எடுத்தால் மறுபடியும் 3.9. ஸ்பிரிங் அன்றும் இன்றும் ஒன்றே, போனது உரசல் மட்டும்.

வாவியோரம் ஓடும் வண்டிக்கு ஐப்பசி மழை தொடங்குமுன் ஒரு தடவை, வெட்டு முடிந்து புழுதி அடங்கியதும் ஒரு தடவை கேபிளுக்கு எண்ணெய் விட்டால் போதும். பாதைப் படகில் ஏறி இறங்கி உப்புத் தண்ணீர் தெறித்த நாளில் லீவரையும் ரப்பர் மூடியையும் நல்ல தண்ணீரால் கழுவி, ஈரம் போனதும் போல்ட்டில் இரண்டு துளி விடுங்கள். இழை அறாத பழைய கேபிள் இருந்தால் எறியாமல், கழுவி எண்ணெய் விட்டுச் சுருட்டி சீற்றுக்கு அடியில் வையுங்கள். கூடவே திருகிப் பூட்டும் நிப்பிள் ஒன்றும். வட்டைக்குள் நிப்பிள் கழுத்தில் வயர் அறுந்தால், அறுந்த முனையை வெட்டி அந்தத் திருகு நிப்பிளைப் பூட்டி, எஞ்சின் பக்கத்து அட்ஜஸ்டரை முழுதாகத் தளர்த்தி நீளம் எடுத்தால் ஊருக்குள் வரும் வரை தாங்கும்.